வைக்கோல் மேஜரின் காலுறைகள்

போரில் நான் சுடச் சொன்ன முதல் குண்டு ஒரு வைக்கோல் போரின் மீது விழுந்தது. அது எதிரியின் டாங்கி என்று அரை நிமிடம் மனதார நம்பினேன். சரிந்த முதுகு, மங்கிய மஞ்சள், பக்கத்தில் பீரங்கி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. "சுடு!" என்று கத்தினேன். குண்டு இம்மி பிசகாமல் போய் விழுந்தது; அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. வானம் முழுக்க வைக்கோல். நீட்டிக்கொண்டிருந்தது ஏணி. பத்து நிமிடம் கழித்து எங்கிருந்தோ இரண்டு மாடுகள் வந்து, பரவிக் கிடந்ததை நிதானமாக மேய ஆரம்பித்தன. எங்களை ஒரு பொருட்டாகவே அவை மதிக்கவில்லை.

டாங்கியைக் கிளப்பச் சொல்லி ஓட்டுநரிடம் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. அவரும் மாடுகளைப் பார்த்து அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வைக்கோல் மேஜர் என்று பெயர். என் கீழே பதினான்கு டாங்கிகள், அறுபது சொச்சம் ஆட்கள். முகத்துக்கு நேரே "சார்", முதுகு திரும்பினால் "வைக்கோல்". பயிற்சிப் பள்ளியில் குறி பார்ப்பதில் நான் முதலாவதாக வந்ததை ஒரு பிள்ளைகூட ஞாபகம் வைத்திருக்கவில்லை.

ஏழு மாதம் போரில் இருந்தேன். மேஜராகப் போனேன், மேஜராகவே திரும்பினேன். என்னோடு படித்தவர்கள், என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவர்கள் உட்பட, கர்னலாகி அதற்கு மேலும் போனார்கள். "நீங்க ஏன் போகல?" என்று கேட்பவர்களுக்கு வைக்கோல் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன். அது பாதிக் கதைதான். மீதி இது.

எங்கள் டாங்கிக்குள் நான்கு பேர். மேலே கூண்டில் நான். எனக்குப் பக்கத்தில் பீரங்கியைக் குறி பார்க்கிறவர். ஊரில் தையல்காரர், ஒரு கண்ணை மூடினால் தூரத்தை அங்குலக் கணக்கில் சொல்லிவிடுவார். குண்டுகளைத் தூக்கிப் போடுகிற ஆள் மாவு மில்லில் மூட்டை சுமந்தவன், அவன் பெயரே மூட்டை. கீழே, எனக்கு நேர் முன்னால், வண்டியின் வயிற்றுக்குள் ஓட்டுநர். அவரைப் பஸ்காரர் என்போம். நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்றவர்கள் முன்னால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குக் குழப்பமாகவே இருக்கும். தனியாக இருந்தால் "அண்ணே" என்றுதான் வாயில் வரும்.

பஸ்காரர் ஊரிலிருந்து கிளம்பும்போது தன் பஸ்ஸின் உள்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டு வந்துவிட்டார். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்குமே, பயணிகளைப் பார்ப்பதற்கு, அது. அதை டாங்கிக்குள் திருகு போட்டு மாட்டினார்.

"இதுல என்ன தெரியும்ணே?" என்றேன்.

"தையல்காரர் முழங்கால் தெரியும். உங்க காலு தெரியும். குனிஞ்சீங்கன்னா மொகமும் தெரியும். பின்னாடி யார் இருக்காங்கன்னு பாக்காம எனக்கு ஓட்ட வராது சார்."

வைக்கோல் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து எங்கள் இண்டர்காம் பழுதானது. டாங்கிக்குள் இருக்கும் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசுவோம். தையல்காரருக்குக் கேட்டது, மூட்டைக்குக் கேட்டது, பஸ்காரருக்கு மட்டும் கேட்கவில்லை. நான் இடது என்றால் வண்டி நேரே போனது. நில் என்றால் இன்னும் வேகமாகப் போனது.

ரேடியோக்காரனைக் கூப்பிட்டேன். அவன் தன் வேலையில் மகா கர்வி. பெட்டியை மாற்றினான். கேட்கவில்லை. கம்பிகளை மாற்றினான். கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து மூன்றாவது பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், என் கல்யாணத்துக்கு பொண்ணு பாத்தப்பகூட நான் இவ்வளவு சோதிச்சுப் பாக்கல. இது கேக்கும்."

கேட்கவில்லை.

போர் நமக்காகக் காத்திருக்காதே. அதனால் வேறு வழி கண்டுபிடித்தோம். கூண்டில் உட்கார்ந்தால் என் கால் சரியாகப் பஸ்காரரின் தோளுக்கு எட்டும். வலது தோளில் மிதித்தால் வலது, இடது தோளில் மிதித்தால் இடது, இரண்டையும் அழுத்தினால் நில், முதுகில் லேசாக ஒரு தட்டு என்றால் போ. யோசனை அவருடையதுதான். முதல் நாள் முடிவில் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மிதிக்கிறது பரவாயில்ல. பூட்ஸைக் கழட்டிட்டு மிதிங்க."

அதன் பிறகு நான் வெறும் காலுறையோடுதான் போர் செய்தேன். வேறு எந்த நாட்டுப் படையிலும் இப்படி ஒரு தளபதி இருந்திருக்க மாட்டான். டாங்கித் தரை முழுக்க எண்ணெய், இரும்புத் தூள், சுட்ட குண்டுகளின் வெற்றுக் குப்பிகள். காலுறை ஒரு வாரம் தாங்காது. வீட்டுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் காலுறை அனுப்பச் சொன்னேன். என் மனைவி கம்பளி நூலில் பின்னி அனுப்பினாள். நான்காவது பொட்டலத்தோடு ஒரு சீட்டு வந்தது: "போன மாசம்தான் ஆறு ஜோடி அனுப்பினேன். நீங்கள் டாங்கியில் போகிறீர்களா, டாங்கிக்குப் பின்னால் நடந்து போகிறீர்களா?"

இதற்கிடையில் பஸ்காரரிடம் இன்னொரு வழக்கத்தையும் கவனித்தேன். சண்டை இல்லாத நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் தலைக்கு மேலே உள்ள மூடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவார்கள். பஸ்காரர் மட்டும் எவ்வளவு வெயிலானாலும் மூடியைத் திறப்பதில்லை. வியர்வையில் குளித்துக்கொண்டு, சின்னப் பார்வைத் துளை வழியாகவே பார்த்து ஓட்டினார். ஒரு நாள் ஓட்டுநர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "ஒழுங்குன்னா இதுதான்யா ஒழுங்கு. பாத்துக் கத்துக்கங்க" என்று அவரைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினேன். பஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

ஏழு மாதத்தில் இரண்டு டாங்கிகளை இழந்தோம். அவற்றில் இருந்தவர்களை வைத்து எனக்கு வேடிக்கையாக எதுவும் சொல்ல வராது. அதனால் அவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஐந்தாவது மாதத்தில் ஒரு பெரிய ஆற்றுக்கு இந்தப் பக்கம், மூடிக் கிடந்த செங்கல் சூளையில் காத்திருந்தோம். இரண்டு நாளில் படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்க வேண்டும். அன்று மதியம் ரேடியோக்காரன் நாலாவது பெட்டியோடு வந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"இந்தத் தடவ நானே ஓட்டுநர் சீட்ல உக்காந்து பாக்கறேன் சார். நீங்க மேலருந்து பேசுங்க."

பஸ்காரரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் கீழே உட்கார்ந்தான். நான் மேலே போய், மூச்சு விடுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "ரேடியோக்காரன் ஒரு கழுதை" என்றேன்.

"கழுதைக்கு நல்லாக் கேக்குது சார்" என்று பதில் வந்தது.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வெளியே ஏறி வந்து, ஹெட்போனைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். "சார்... கோளாறு பெட்டியில இல்ல" என்றான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பழைய பெட்டியும் நல்ல பெட்டிதான் என்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பஸ்காரர் செங்கல் காயவைக்கும் கொட்டகையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே" என்றேன். துடைத்தார். இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். துடைத்தார். பக்கத்தில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்துத் தகரத்தின் மேல் போட்டேன். இருபது அடி தள்ளிப் படுத்திருந்த தையல்காரர் துள்ளி எழுந்தார். பஸ்காரர் கண்ணாடியின் மேல் ஓர் ஊது ஊதி, மூலையைத் துடைத்தார். அப்போது அதில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். துணி நின்றுவிட்டது.

நான் அவருக்கு எதிரே போய் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளா சார்." குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. எஞ்சின் பழக்கம் என்று இத்தனை நாளாக நான் நினைத்திருந்த சத்தம். "எஞ்சின் எப்படி ஓடுதுன்னு சீட்லயே தெரிஞ்சிடும். குண்டு விழுந்தா வயித்துல தெரியும். உங்க காலு தோள்ல தெரியும். வேற என்ன வேணும்?"

"நம்ம படை டாக்டரம்மாகிட்ட போகணும்ணே."

"போனா எழுதுவாங்க. எழுதினா பஸ் போச்சு." கண்ணாடியை மடியில் கவிழ்த்துவைத்தார். "இருபத்திரண்டு வருஷம் சார். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வீட்ல ஒரு ஆணி அடிக்கச் சொன்னாகூட எம்பொண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரரத்தான் கூப்பிடுவா. காது போனது போகட்டும். காகிதத்துல போகக்கூடாது."

"பயணிங்க மணி அடிச்சா?"

"கண்ணாடியில பாப்பேன். எறங்கறவன் மொகம் ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே மாறிடும் சார். பைய எடுத்து மடியில வெப்பான். பொண்டாட்டிய முழங்கையால இடிப்பான். மணியெல்லாம் சும்மா மரியாதைக்கு."

நாளைக்கு மறுநாள் பாலம். வேறு ஓட்டுநர் கையில் இல்லை. இருந்தாலும் மாற்றியிருப்பேனா என்பது வேறு விஷயம். ஐந்து மாதம் ஒருவரின் தோளில் கால் வைத்து உயிரோடு இருந்துவிட்டு, இன்னொரு தோளைத் தேடிப் போக மனசு வராது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் உதட்டைப் படித்தார். சந்தேகமாக இருந்ததோ என்னவோ, "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றார். நிறுத்தி நிதானமாக, வாயைப் பெரிதாகத் திறந்து, இன்னொரு தடவை சொன்னேன்.

விடிகிற நேரத்தில் ஆற்றைக் கடந்தோம். பாலத்தின் அகலம் டாங்கியின் சங்கிலிச் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் அதிகம். பனிமூட்டம் வேறு. முதலில் நாங்கள், பின்னால் பதினொன்று. நான் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, புதுக் காலுறை போட்ட காலை அவர் தோள்களில் வைத்திருந்தேன். எதிர்க்கரையிலிருந்து குண்டுகள் வர ஆரம்பித்தன. ஆற்றில் விழுந்து தண்ணீரை மரம் மாதிரி எழுப்பின. என் காதில் ரேடியோ முழுக்க ஒரே கூப்பாடு. ஒவ்வொரு குண்டுக்கும் என் கால் தானாக உதறியது. அவர் தோள் மட்டும் அசையவே இல்லை. பயணிகள் இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிற தோள். என் நடுக்கம் அந்தத் தோளில் இறங்கி எங்கோ போய்விட்டது.

நடு ஆற்றில் பாலம் லேசாகச் சரிந்தது. இடது தோளில் அழுத்தினேன். வண்டி ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு போனது. கிளட்ச் தளர்ந்திருக்கிறது, பார்க்கச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டும் கடந்தன. மூட்டை ஓவென்று அழுதான். கண்ணில் புகை போய்விட்டதாம். சாயங்காலம் கர்னல் வந்து என் கையைக் குலுக்கினார். "உன் பேரை மேல அனுப்பியிருக்கேன். அடுத்த மாசம் நீயும் கர்னல்தான்யா" என்றார். என் பூட்ஸ் இன்னும் டாங்கிக்குள் இருந்தது. அவர் என் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர்.

மறுநாள் காலையில் தையல்காரர் என் சட்டைக் கையில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். சட்டையை நான் போட்டிருக்கும்போதே தைக்கிறவர் அவர். அதனால் நான் எழுந்து போக முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"ஊசி உங்க கையில இருக்கு. எப்படிக் கோவிச்சுக்கறது?"

"பஸ்காரர் காது எப்படிப் போச்சுன்னு நெனைக்கறீங்க?"

"வயசு. எஞ்சின் இரைச்சல்."

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "வைக்கோல் போர் அன்னைக்கு அவர் மூடி திறந்திருந்துச்சு சார். தலை வெளிய இருந்துச்சு."

டாங்கியின் பீரங்கி ஓட்டுநரின் தலைக்கு மேலாகத்தான் நீண்டிருக்கும். அதனால் சுடுவதற்கு முன் மேலே இருப்பவன் "ஓட்டுநர் மூடி!" என்று கத்த வேண்டும். ஓட்டுநர் உள்ளே இறங்கி, மூடியைச் சாத்தி, "மூடி!" என்று பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் "சுடு". படையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அன்று எனக்கு முதல் எதிரி, முதல் குண்டு. நான் நேராகச் "சுடு"வுக்குப் போய்விட்டேன்.

"நீங்க 'மூடி' சொல்லல. நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சு நான் அழுத்திட்டேன். அதனால எனக்கும் பங்கு இருக்கு" என்றார் தையல்காரர். "அன்னைக்குக் காதுலேருந்து ரத்தம் வந்துச்சு சார். என் கைக்குட்டையத்தான் குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நான் அப்போது மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் ஒரு நாளும் மூடியைத் திறக்கவில்லை. 'மூடி' என்று நான் கத்தினாலும் இனி அவருக்குக் கேட்காதே. அதைத்தான் நான் ஒழுங்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்திருந்தேன்.

அன்று முழுக்க என்னோடு நானே பேசிக்கொண்டு திரிந்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், காப்பாற்ற வேண்டும். வாக்கைக் காப்பாற்றினால் என் தப்பு வெளியே வராது. அடுத்த மாதம் நான் கர்னல். இவ்வளவு சௌகரியமான நேர்மையை நான் அதுவரை கண்டதில்லை. சந்தேகமே அங்கேதான் வந்தது. இன்னொரு பக்கம், போர் முடிந்து அவர் ஊருக்குப் போவார். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறுவார்கள். படியில் கால் சிக்கி ஒருத்தர் கத்துவார். அவர் அந்த நேரம் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஐம்பது பேரில் என் மனைவி உட்கார்ந்திருப்பது போலவும், மடியில் ஒரு ஜோடி காலுறை பின்னிக்கொண்டிருப்பது போலவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

படை மருத்துவமனையை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வகுப்புப் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"இதுல ரெண்டு கட்டம் இருக்கு. நோய்னு போட்டா அவர வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான். போர்க்காயம்னு போட்டா, அவர் பழைய எடத்துல ஏதாவது ஒரு வேலை குடுத்தே ஆகணும், அது சட்டம். ஆனா காயம் எப்படி ஆச்சுன்னு எழுதி மேலதிகாரி கையெழுத்துப் போடணும். போட்டா விசாரணை வரும். தெரியும்ல?"

"தெரியும்."

"பேனா இருக்கா?"

"மை தீர்ந்திருக்கும்னு நம்பித்தாங்க வந்தேன்."

அவர் தன் பேனாவைக் கொடுத்தார். அதில் மை நிறைய இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பஸ்காரரை அழைத்துப் போக லாரி வந்தது. நானே போய்ச் சொன்னேன். பாதி சொல்லும்போதே முகத்தைப் படித்துவிட்டார். டாங்கிக்குள் இறங்கிக் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு திருகு துருப்பிடித்து வர மறுத்தது. என் கத்தியை நீட்டினேன். அதை வாங்காமல் மூட்டையிடம் கை நீட்டினார்.

வெளியே வந்து, கண்ணாடியைத் துணியில் சுற்றி, என் உதட்டைப் பார்க்காமல், அதாவது நான் எதுவும் பேசிவிடாதபடிக்கு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வாக்குக் குடுத்தீங்களே சார்."

லாரி போன பிறகு தையல்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு எந்தக் கிழிசலும் இல்லை. சும்மாதான் நின்றார்.

புது ஓட்டுநருக்குப் பாம்புச் செவி. இண்டர்காமில் நான் எச்சில் விழுங்கினாலும் கேட்கும். முதல் நாள் ஒரு திருப்பத்தில் என் கால் தானாகப் போய் அவன் தோளில் விழுந்தது.

"சார், ஏன் மிதிக்கறீங்க? சொன்னாலே கேக்குமே?"

"பழக்கதோஷம்" என்றேன். பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். ரொம்ப நாளாகப் போடாததால் கடித்தது.

ஆறு வாரத்தில் போர் முடிந்தது. விசாரணையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து என் வாக்குமூலத்தைப் படித்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "மாடுகளுக்கு ஏதும் ஆகலையே?" என்று கேட்டார். கேலியா அக்கறையா என்று இன்றுவரை தெரியாது. கவனக்குறைவு என்று எழுதி, பதவி உயர்வை நிறுத்தினார்கள். நியாயம்தான். வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "கர்னலம்மான்னு கூப்பிட்டா நான் யாரையோன்னு நெனச்சு திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். உள்ள வாங்க" என்றாள்.

பஸ்காரருக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நாலாவதை எழுத உட்கார்ந்தபோது அவள் தாளை இழுத்துக்கொண்டாள்.

"கடுதாசியில மன்னிப்புக் கேக்கறது கதவத் தட்டிட்டு ஓடற மாதிரி. நேர்ல போங்க."

"மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா?"

"மொகம் எதுக்கு? அவர் அஞ்சு மாசம் பாத்தது உங்க காலைத்தான?" என்று சொல்லி, புதிதாகப் பின்னிய காலுறையை என் மேல் எறிந்தாள்.

பஸ் டிப்போவுக்கு மதியம் போனேன். வாசல் காவலாளியிடம் அடையாளம் சொன்னேன். "கண்ணாடிக்காரரா? பஸ் நிறுத்தற யார்டுல பாருங்க. பின்னாடி நின்னு சத்தம் போடாதீங்க, முன்னாடி போய்க் கையக் காட்டுங்க" என்றார். வந்து போகிற எல்லோருக்கும் அவர் இதைச் சொல்வார் போலிருந்தது.

பெரிய தகரக் கொட்டகை. தூண்களுக்கு நடுவே பஸ்கள் வரிசையாக, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளி மட்டும். அந்த இடுக்கில் ஒரு நீள பஸ்ஸைப் பின்பக்கமாகவே ஓட்டி நுழைத்துக்கொண்டிருந்தார் பஸ்காரர். பயணிகள் இல்லை. கழுவி முடித்த பஸ்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. மற்ற டிப்போக்களில் இதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்று "வா வா வா, போதும்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். இங்கே அப்படி யாரும் இல்லை. பஸ் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றது.

முன்னால் போய்க் கையைக் காட்டினேன். என்னைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தவில்லை. கதவு மட்டும் திறந்தது.

ஏறி, அவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அதே கண்ணாடி. அதில் அவர் கண் என்னைப் பார்த்தது. நான் வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த எல்லாம் மறந்துபோய், "வாக்க மீறிட்டேன்ணே" என்று மட்டும் வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னேன்.

"மீறிட்டீங்க" என்றார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "மொத மூணு மாசம் உங்க மேல அப்படி ஒரு கோவம். கடுதாசி மூணும் பிரிக்காமலே கெடந்துச்சு. எம்பொண்டாட்டி பிரிக்கப் போனா, அவமேலயும் எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் ஒரு நாள் இங்க பின்னாடி எடுக்கறேன். வண்டி கழுவற அம்மா ஒருத்தங்க பின்னாடி குனிஞ்சு நின்னுருக்காங்க. மொத்த யார்டும் கத்தியிருக்கு. எனக்குத் தெரியல. கடைசி நேரத்துல கண்ணாடியில பொடவை தெரிஞ்சுது, பிரேக்கப் போட்டேன். ஒண்ணும் ஆகல. அந்தம்மா ஒரு வாரம் என்னத் திட்டினாங்க. எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் திட்டினாங்க. அன்னைக்குத்தான் உங்க கடுதாசியப் பிரிச்சேன்."

"பதில் போட்டிருக்கலாமே?"

"எழுத வருமா எனக்கு? ஓட்டத்தான் வரும்."

"வைக்கோல் அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ணே."

"சொன்னா? அப்புறம் 'சுடு'ன்னு சொல்ற நேரமெல்லாம் என் காது ஞாபகம் வரும் உங்களுக்கு. பதினாலு வண்டிக்கும் நீங்கதான சார் வாய். அது திக்கினா எல்லாரும் போயிருப்போம்."

அவர் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே திருப்பினார். என் கால் தெரிந்திருக்கும். தன் தோளை இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.

"ம். கழட்டுங்க."

ஷூவைக் கழற்றினேன். சீட்டின் மேல் சாய்ந்து, காலை நீட்டி, அவர் தோளில் வைத்தேன். முதுகில் லேசாக ஒரு தட்டு; பஸ் கிளம்பியது. கொட்டகையின் கோடியில் திருப்பம் வந்தது. இடது தோளில் அழுத்தினேன். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு வலது பக்கம் போனது.

"அண்ணே, இடதுன்னேன்!" என்று குனிந்து கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"இடது பக்கம் தூணு இருக்கு சார்."

பார்த்தேன். இருந்தது. அந்த ஒரு கணத் தயக்கம் எனக்கு எங்கேயோ தெரிந்ததாக இருந்தது. கண்ணாடியில் என் வாய் தெரியும்படி இன்னும் குனிந்து, "பாலத்துல?" என்று கேட்டேன்.

"பாலத்துல நீங்க இடது பக்கம் மிதிச்சீங்க" என்றார் பஸ்காரர், திரும்பவும் முன்னால் பார்த்துக்கொண்டே. "இடது பக்கம் ஆறு."

"அப்ப... போர் முழுக்க?"

"எல்லா நேரமும் இல்ல சார். பாதி நேரம் நீங்க சொன்ன பக்கம்தான் போனேன்." கண்ணாடியில் அவர் முகம் விரிந்தது. "ஆனா காலு தோள்ல இருந்தா ஒரு தைரியம். அதான் எடுக்கச் சொல்லல."

இரண்டு பஸ்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு, பஸ் போய் நின்றது. நான் குனிந்து ஷூவைத் தேடினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? காலுறை புதுசாட்டம் இருக்கு, அதுக்குள்ளயா?" என்றார். "உக்காருங்க. இன்னும் பதினோரு வண்டி இருக்கு."